இந்தத் தெரு யார் காசு?

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போக இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. தரையில் போனால் ரங்கநாதன் தெரு. துணிப்பை இடிக்க, குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கூட்டம் தள்ளுகிற திசையில் போய்ச் சேரலாம். மேலே போனால் ஆகாய நடைபாலம். ரயில்வே பார்டர் ரோடு, மார்க்கெட் தெரு, நடேசன் தெரு, மேட்லி சாலை வழியாக 570 மீட்டர். 2023 மே மாதம் திறந்தார்கள். செலவு ரூ.28.45 கோடி.

பாலத்திலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பாண்டி பஜார். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் அங்கே இருக்கிறது, சுமார் ரூ.40 கோடி. பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம். அதுவும் கிட்டத்தட்ட 40 கோடிதான். தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி நகர் வரை இரும்புத் தூண்களில் நிற்கும் ஜெ.அன்பழகன் மேம்பாலம் 2025 செப்டம்பரில் திறந்தது, சுமார் ரூ.165 கோடி. இவை எல்லாவற்றுக்கும் கீழே, பனகல் பூங்காவைத் தொட்டுக்கொண்டு, மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் சுரங்கம் போகிறது. அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு ரூ.63,246 கோடி.

நிதானமாக நடந்தால்கூட அரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய பேட்டை இது. ஒரு நகரம் தன் தெருவுக்கும் பயணத்துக்கும் எப்படித் திட்டம் போடுகிறது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஒவ்வொரு கட்டுமானத்தின் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்: இது யார் காசு? பணம் எந்த வாசல் வழியாக வந்ததோ அதுதான் தெருவின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பது ஒவ்வொரு இடத்திலும் தெரிந்தது.

ஏரியில் வரைந்த தெரு

தி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் நெடிய ஏரி. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920-ல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் பின்னணியில், அந்த ஏரிப் பரப்பில் புதுக் குடியிருப்பு எழுந்தது. நடுவில் பூங்கா, அதிலிருந்து விரியும் சாலைகள். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர்; பாண்டி பஜார் அமைந்த சாலைக்கும் பேட்டைக்கும் சர் பிட்டி தியாகராயர் பெயர். தெருவை முதலில் வரைந்துவிட்டு வீடுகளைப் பிறகு கட்டினார்கள். சென்னையின் பெரும்பகுதி இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. வீடுகள் வந்தன, இடையில் மிஞ்சிய இடம் தெருவானது.

ஆனால் ஏரி தன்னை ஏரியாகவேதான் நினைவு வைத்திருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஸ்மார்ட் சிட்டி என்று பெயர் வாங்கிக் கோடிக்கணக்கில் செலவழித்த பேட்டை அது. அடுத்த ஆண்டே ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி பி.டபிள்யூ.சி. டேவிதாரை அரசு நியமித்தது. மேலே பளபளப்பான கல்லுக்கு ஒரு திட்டத்திலிருந்து பணம், கீழே மழைநீர் வடிகாலுக்கு வேறு திட்டத்திலிருந்து பணம். தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது.

பாண்டி பஜாரில் நடந்தது என்ன?

நடைபாதை வளாகத்துக்கு முந்தைய பாண்டி பஜாரைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. வளையல், கிளிப், கைக்குட்டை, செருப்பு என இரு பக்கமும் பிளாட்ஃபார்ம் முழுக்கக் கடைகள். அதை ஒட்டி நிறுத்திய வண்டிகள். நடக்க வந்தவர்கள் தார்ச் சாலையில், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில். நீண்ட நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2013-ல் சிறு வணிகர் வளாகம் திறந்து, நடைபாதைக் கடைகளை அதற்குள் மாற்றினார்கள். அதன் பிறகுதான் தெருவைப் பற்றிப் பேசவே இடம் கிடைத்தது.

2014 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒரு துணிச்சலான காரியம் செய்தது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென, அதாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் என, தனிக் கொள்கையை ஏற்றது. இந்தியாவில் வேறு எந்த மாநகராட்சியும் அதுவரை இதைச் செய்யவில்லை. அந்தக் கொள்கையின் உயிர் ஒரு வரியில் இருக்கிறது: மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவிகிதம் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் போக வேண்டும்.

இது அதிகம் என்று நினைப்பவர்கள் 2008-ல் திரட்டிய தரவுகளோடு வந்த சென்னை விரிவான போக்குவரத்து ஆய்வைப் பார்க்க வேண்டும். நகரத்தில் நடக்கும் பயணங்களில் நடைப் பயணம் 28 சதவிகிதம், பஸ் 26, இருசக்கர வாகனம் 25. கார் வெறும் 6. பஸ்ஸில் போகிறவரும் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடந்துதான் ஆக வேண்டும். எண்ணிக்கையின்படி பார்த்தால் இந்த நகரம் நடப்பவர்களின் நகரம். சாலைக்கான மதிப்பீடு போடும்போது மட்டும் அது கார்களின் நகரமாகிவிடுகிறது.

பாண்டி பஜார் அந்தக் கொள்கையின் குழந்தை. ஆனால் பெற்ற வயிறு வேறு. பணம் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்திலிருந்து வந்தது. 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், 2016 ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களில் சென்னையும் ஒன்று. மத்திய அரசு ஐந்தாண்டில் ரூ.500 கோடி வரை தரும், மாநிலம் அதே அளவு போடும். செலவு செய்ய மாநகராட்சிக்கு வெளியே தனி நிறுவனம். பேட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே குவித்துச் செலவிட வேண்டும் என்பது விதி; சென்னை தேர்ந்தெடுத்தது தி.நகரை.

நல்ல தெரு கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வண்டி வாசலில் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்கள் பயந்தார்கள். பாண்டி பஜார் இன்றும் ஜேஜே என்றுதான் இருக்கிறது. பேரனோடு வரும் பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்க முடிகிறது. சக்கர நாற்காலி போகிறது. கடைக்குள் போகாமல், எதுவும் வாங்காமல், ஒரு மாலை முழுக்க வெளியே இருக்க முடிகிற இடம் சென்னையில் கடற்கரைக்கு அடுத்தபடி எத்தனை இருக்கிறது?

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, இந்தத் தெருவுக்கு டெண்டர் விட்டு, கட்டி, திறந்த காலம் முழுவதும் சென்னையில் மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மேயர் ஆர்.பிரியா பொறுப்பேற்றது 2022 மார்ச்சில். ஐந்தரை ஆண்டுகள் தனி அதிகாரிகள்தான் நகரத்தை நடத்தினார்கள். தன் வீட்டு வாசல் வடிகாலைப் பற்றிச் சொல்ல ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில் தி.நகர் 'ஸ்மார்ட்' ஆனது. இரண்டாவது, கட்டுவதற்குப் பணம் தந்த திட்டம் பராமரிக்கப் பணம் தரவில்லை. ஸ்மார்ட் சிட்டி இயக்கம் 2025 மார்ச்சோடு முடிந்தது. பெயர்ந்த கல்லும், வளைந்த தடுப்புக் கம்பியும், நடைபாதையில் ஏறி வரும் பைக்கும் இனி மாநகராட்சியின் பாடு.

மாநகராட்சிக்குப் பணம் எங்கே?

1688-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி இது. 2011-ல் அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சுமார் 387 கிலோமீட்டர் பஸ் போகும் சாலைகளும், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உட்புறத் தெருக்களும் அதன் பொறுப்பு. பொறுப்பு பெருத்த வேகத்தில் வருமானம் பெருகவில்லை.

சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1998-ல் திருத்தினார்கள். அடுத்து 2018-ல் உயர்த்திய வரியை 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில்தான் திருத்தம் நிலைத்தது. 24 ஆண்டுகள்! அதற்குள் தி.நகரில் மனை விலை எங்கே போய்விட்டது என்று அந்தப் பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவிகிதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவிகிதமும் ஒரேயடியாக ஏற்றினார்கள். மக்கள் கொதித்தார்கள், கொதிப்பு நியாயமானதுதான். ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டியதைத் தேர்தல் பயத்தில் தள்ளித் தள்ளி, ஒரே மூட்டையாகத் தலையில் வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது? அந்த ஏற்றத்துக்கும் 15-ஆவது நிதிக்குழு தந்த நெருக்கடி ஒரு காரணம்: சொத்து வரியைச் சீர்செய்யாத மாநிலங்களின் நகரங்களுக்கு மானியம் கிடையாது என்றது அது.

அடுத்தது தொழில் வரி. ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. அந்த உச்சவரம்பு 1988-ல் வைத்தது. அன்றைய 2,500 ரூபாயும் இன்றைய 2,500 ரூபாயும் ஒன்றா? பழைய மகாபலிபுரம் சாலையில் மாதம் மூன்று லட்சம் சம்பளம் வாங்குகிறவரும் அதே தொகையைக் கட்டிவிட்டு அதே சாலைக் குழியில்தான் வண்டியை இறக்குகிறார். கேளிக்கை வரியையும் விளம்பர வரியையும் 2017-ன் ஜி.எஸ்.டி மாற்றம் கலைத்துப்போட்டது. வண்டிக்குக் கட்டும் வாகன வரி மாநிலத்துக்குப் போகிறது. பெட்ரோல் வரியை மத்திய அரசும் மாநில அரசும் எடுத்துக்கொள்கின்றன. வண்டி ஓடித் தேய்வது மாநகராட்சித் தெரு.

அதனால்தான் மாநகராட்சி திட்டம் போடுவதற்குப் பதில் திட்டத்துக்குக் காத்திருக்கிறது. எந்த ஆண்டு எந்தத் தலைப்பில் பணம் வருமோ அந்தத் தலைப்புக்கு ஏற்ற வேலையைத் தேடுகிறது. ஒரு சின்ன விடிவு தெரிகிறது. 2025 மே மாதம் சென்னை மாநகராட்சி முதல்முறையாக ரூ.200 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது, வட்டி 7.97 சதவிகிதம். கொசஸ்தலை ஆற்றுப் படுகை வடிகாலுக்கான பணம் அது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக் கடனுக்காக 2001-லேயே பத்திரம் வெளியிட்டது. கடன் வாங்கக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும், திருப்பிக் கட்ட வரி வசூலாக வேண்டும். அந்தக் கட்டாயம் ஒரு நகரத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆயிரங்கோடிகளின் பாதை

கீழே சுரங்கத்தில் நிலவரம் முற்றிலும் வேறு. மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 530 கோடி ரூபாய்க்கு மேல். பாண்டி பஜார் வளாகம் போல 13 வளாகங்கள் கட்டலாம் அந்த ஒரு கிலோமீட்டர் காசில். இப்படி ஒப்பிடுவதால் மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு 45.8 கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கிப் போகிறவருக்கு அது வேண்டும். அத்தனை பெரிய தொகை திரள்வதும் சில நூறு மீட்டர் நடைபாதைக்குத் திரளாததும் ஏன் என்பதுதான் கேள்வி.

அந்தப் பணமும் எளிதில் வரவில்லை. 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். ஆனால் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபர் 3 அன்றுதான் கிடைத்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் அது மாநிலத் திட்டமாகவே கணக்கில் இருந்தது. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவற்றின் கடன் முழுக்க மாநிலத்தின் கடன் வரம்பில் ஏறியது. வரம்பு நிரம்பினால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கடன் வாங்கும் இடம் சுருங்கும். ஒப்புதலுக்குப் பிறகு கணக்கு மாறியது: ரூ.33,593 கோடி கடனும், பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனுமாக ரூ.7,425 கோடியும் மத்திய அரசின் பக்கம். மீதி சுமார் 35 சதவிகிதம் மாநிலத்தின் பக்கம். ஒரு கையெழுத்து தாமதமானதில் ஒரு மாநிலத்தின் நிதிநிலை நான்காண்டு மூச்சுத் திணறியது.

பணம் இருந்தும் ஓடாத கதையும் உண்டு. பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. ஐந்தே கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கில் தூண்கள் ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றன. 2024 முடிந்தபோதும் அதில் ரயில் ஓடவில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகளில் வேளச்சேரியில் இறங்கிப் பரங்கிமலைக்கு ஆட்டோ பிடித்தவர்களின் காசை எந்தத் திட்ட மதிப்பீடும் சேர்த்துக்கொள்ளாது.

வெள்ளைப் பலகை பஸ்

இத்தனைக்கும் நடுவில் நகரத்தைத் தூக்கிச் சுமப்பது மூவாயிரத்துச் சொச்சம் மாநகரப் பேருந்துகள். 1972-ல் பல்லவன் என்ற பெயரில் பிறந்த நிறுவனம். பயணக் கட்டணத்தைக் கடைசியாக உயர்த்தியது 2018 ஜனவரியில். டிக்கெட் காசு மட்டும் நம்பிப் பொதுப் போக்குவரத்தை நடத்த முடியாது என்பதைச் சென்னை முன்பே பார்த்திருக்கிறது. 1895-ல் மின்சார டிராம் ஓட்டிய நகரம் இது. கம்பெனி நொடித்து 1953 ஏப்ரலில் டிராம் நின்றது.

2021 மே மாதம் வெள்ளைப் பலகை வைத்த சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது, இழப்பை ஈடுகட்ட மாநிலம் முழுவதற்கும் முதலில் ரூ.1,200 கோடி ஒதுக்கினார்கள். 2025-26-ல் அது ரூ.3,600 கோடி. 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்கள் மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வைப் பார்க்கலாம்: பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சம். வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது அரை மாதக் காய்கறிச் செலவு. மேம்பாலத்தில் கார் ஓட்டுகிறவரும் டிக்கெட் எடுப்பதில்லை. அதை நாம் இலவசம் என்று அழைப்பதில்லை, உள்கட்டமைப்பு என்கிறோம். பெண்களின் பஸ் பயணமும் எனக்கு உள்கட்டமைப்பாகத்தான் தெரிகிறது.

2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பஸ்கள் மீண்டும் வந்தன. 2025 ஜூன் 30 முதல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள். பின்னதில் பஸ் தனியாருடையது, ஓடும் கிலோமீட்டருக்கு அரசு நிறுவனம் பணம் தருகிறது. ஆனால் தாழ்தளப் பஸ் பணிந்து நிற்க வேண்டுமானால் நடைபாதையை ஒட்டி வந்து நிற்க வேண்டும். நிறுத்தத்தில் நடைபாதையே இல்லை, அல்லது இருக்கும் இடத்தில் மின் வாரியத்தின் பில்லர் பாக்ஸ் நிற்கிறது. பஸ் வாங்கிய பணம் ஒரு துறை, நடைபாதை இன்னொரு துறை, பெட்டி மூன்றாவது துறை.

இந்தத் துறைகளை ஒரு மேசையில் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், கும்டா, உருவானது. சட்டம் வந்தது 2010-ல். முதல் கூட்டம் 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்தது நல்ல தொடக்கம். ஆனால் கும்டாவின் கையில் பணப்பை இல்லை. எந்தத் துறையின் திட்டத்தையும் "இதற்கு முன் அதைச் செய்" என்று நிறுத்தி வைக்கும் பலம், நிதியைப் பிரித்துத் தரும் அதிகாரத்தோடு சேர்ந்துதான் வரும்.

கல் பெயர்க்கும் நாள்

தெருவில் நடப்பது இதுதான். புதுத் தார் போட்ட மூன்றாம் மாதம் குடிநீர் வாரியம் வெட்டுகிறது. அதை மூடும் முன் மின் கேபிளுக்கு இன்னொரு ரோடு கட். பிறகு பழைய தாரின் மேலேயே புதுத் தார். ஒவ்வொரு முறையும் தெரு உயர, வீடுகள் தாழ்ந்தன. மேற்கு மாம்பலத்தில் வாசற்படி ஏறிப்போன வீடுகளுக்கு இன்று தெருவிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு 2021 மே மாதம் கடிதம் எழுதினார். மில்லிங் செய்த தெருக்களைப் பிறகு நிறையவே பார்க்கிறேன். அடிக்கல் கிடையாது, ரிப்பன் கிடையாது, செலவும் பெரிதில்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தடுத்தது அந்தக் கடிதம்.

பனகல் பூங்காவைச் சுற்றி மெட்ரோவின் தகரத் தடுப்புகள் ஒருநாள் அகலும். சுரங்க நிலையத்தின் மேல் தரையை மூடித் திரும்பக் கொடுப்பார்கள். அந்தச் சில நூறு மீட்டர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டாக வேண்டும்: ரயிலிலிருந்து வெளியே வருகிறவர் எங்கே கால் வைப்பார், எந்தப் பக்கம் பஸ் நிற்கும், பூக்காரம்மாவின் கூடைக்கு எங்கே இடம், வடிகால் மூடியின் மட்டம் என்ன. முன்பு இருந்தபடியே தார் போட்டு மூடிவிட்டால் செலவு மிகக் குறைவு. வேலையும் சீக்கிரம் முடியும். இம்முறை மாமன்றம் இருக்கிறது, கும்டா கூடுகிறது, 2014-ன் கொள்கையில் 60 சதவிகிதம் என்ற வரியும் ரத்தாகாமல் இருக்கிறது. அந்த வரைபடம் இப்போது யார் மேசையில் இருக்கிறது என்பதைத் தி.நகரின் எந்த வார்டுக்காரரும் தம் கவுன்சிலரிடம் இந்த வாரமே கேட்கலாம்.